காலைக் குளிசையும் கோட்டைக் காவலும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மேடையில் கேட்பது ஒரு குரல்தான். ஆனால் இந்த உரையை மூவர் சேர்ந்து எழுதினோம். ஒருத்தி வைத்தியர், ஒருத்தி ஆய்வுகூடத்தில் குருதிப் பரிசோதனை செய்பவர், மற்றவர் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியை. மூவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஆகவே எங்கள் வகுப்பின் சார்பில் ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

எங்கள் உயர்தர உயிரியல் வகுப்பில் 11 பேர் இருந்தோம். இப்போது ஊரில் நால்வர், கொழும்பில் ஒருவர். மற்றவர்கள் லண்டன், ரொறொன்ரோ, சிட்னி என்று சிதறிப்போனோம். வாட்ஸ்அப் வந்த பிறகுதான் மீண்டும் ஒரே வகுப்பறையில் இருக்கிறோம். ஒருநாள் காலை ரொறொன்ரோக்காரி குழுவில் எழுதினாள்: “குளிசை போட்டாச்சு. இன்னும் அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி இல்லை. என்ன சீவியமடி இது!” உடனே கொழும்பிலிருந்து ஒரு கேள்வி: “என்ன குளிசை? தைரொயிட்டோ? நீயுமோடி?” அன்று பொழுதுபடுவதற்குள் நான்கு பேர் கையை உயர்த்திவிட்டார்கள். 11 பேரில் நால்வர்.

இதை நாங்கள் ஆய்வு முடிவாகச் சொல்லவில்லை. 11 பேரை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. எங்களை உலுக்கியது எண் அல்ல. அந்த நால்வரும் தத்தம் கதையை அன்றுவரை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்ததுதான்.

முதலாமவள் இரண்டு வருடமாகக் களைப்பு, உடல் பாரம், மலச்சிக்கல், முடி உதிர்வு என்று வைத்தியரிடம் அலைந்திருக்கிறாள். “மனக்கவலை, ஓய்வெடுங்கள்” என்று சொல்லி அனுப்பினார்களாம். வீட்டில் ‘சோம்பல்’ என்று பெயர். இரண்டாமவள் கலியாணம் பேசிய நாளிலிருந்து குளிசைப் போத்தலைத் தையல் பெட்டிக்குள் ஒளித்து, 20 வருடம் மாமியாருக்குத் தெரியாமல் விழுங்கியிருக்கிறாள். மூன்றாமவளுக்கு நெஞ்சு படபடப்பு, மெலிவு, கண் பிதுக்கம். நான்காமவளின் சுரப்பி ஒழுங்காகவே வேலை செய்கிறது. ஆனால் பரிசோதனைத் தாளில் ‘பிறபொருளெதிரி அதிகம்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குப் பயந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே பரிசோதனைக்குப் பணம் கட்டி, பாதிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள்.

ஒருத்தியின் நோயை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்னொருத்தி இல்லாத நோய்க்கு நடுங்கினாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: பிறபொருளெதிரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது எங்களுக்குத் தெளிவாகத் தெரியாதது. அதைத்தான் இன்று பேச வந்தோம்.

எங்கள் உயிரியல் ரீச்சர் நிர்ப்பீடனம் படிப்பித்த நாள் எங்களில் பலருக்கு நினைவிருக்கிறது. கரும்பலகையில் ஒரு கோட்டை கீறினா. வெளியே கிருமிகள், மதிலில் காவற்காரர். “வெண்குருதிக் கலங்கள் காவல். அவை செய்து வீசும் புரதந்தான் பிறபொருளெதிரி. பெயரிலேயே இருக்குது பாருங்கோ பிள்ளையள், பிற பொருளுக்கு எதிரி” என்றா. பின்வாங்கிலிருந்து ஒரு கேள்வி போனது: “ரீச்சர், காவற்காரன் வீட்டுக்காரரையே அடிச்சால்?” ரீச்சர் சிரித்துவிட்டு, “அது பாடத்திட்டத்தில் இல்லை” என்றா. 40 வருடம் கழித்துத்தான் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் சுரப்பியைப் பார்ப்போம். கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. நாம் உண்ணும் அயடீனை எடுத்து, தைரோகுளோபியூலின் என்ற பெரிய புரதத்தில் ஏற்றி, அதிலிருந்து தைரொட்சின் ஓமோனைச் செய்கிறது. அயடீனை ஏற்றும் வேலையைச் செய்யும் நொதியத்துக்குத் தைரொயிட் பெரொக்சிடேசு என்று பெயர். ஆய்வுகூடத் தாளில் ‘ரீ.பீ.ஓ.’ என்று வருவது அதுதான். எவ்வளவு செய்ய வேண்டும் என்று கட்டளையிடுவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. அது அனுப்பும் கட்டளையே ‘ரீ.எஸ்.எச்.’ தைரொட்சின் குறைந்தால் கட்டளை கூடும்; தைரொட்சின் மிஞ்சினால் கட்டளை குறையும். இந்த ஒரு வரியை மறக்காதீர்கள். பின்னால் தேவைப்படும்.

1912ஆம் ஆண்டு யப்பானில், பியூசூ பல்கலைக்கழகத்தில் அல்ல, கியூசூ பல்கலைக்கழகத்தில் என்று ரீச்சர் இருந்தால் உச்சரிப்பைத் திருத்தியிருப்பா, ஹக்காரு ஹஷிமோட்டோ என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நான்கு பெண்களின் வீங்கிய தைரொயிட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, சுரப்பிக்குள் நிணநீர்க்கலங்கள் கூட்டங்கூட்டமாகக் குடியேறியிருப்பதைக் கண்டார். கிருமி இல்லை, புற்று இல்லை. காவற்காரர் மட்டும் வீட்டுக்குள் நிறைந்திருந்தனர். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. கட்டுரை ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. பின்னர் அவர் சொந்த ஊருக்குத் திரும்பி அங்கே வைத்தியம் பார்த்து, 1934இல் காலமானார். இன்று உலகெங்கும் அந்த நோய்க்கு அவர் பெயர்தான்.

ஏன் என்று கேட்க அக்காலத்தில் எவரும் துணியவில்லை. உடல் தன்னைத்தானே தாக்காது என்று ஜெர்மன் அறிஞர் போல் ஏர்லிச் கூறியிருந்தார். அந்தக் கருத்து அரை நூற்றாண்டு கோலோச்சியது. 1956இல்தான் அது உடைந்தது. அதுவும் மூன்று இடங்களில்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் றோஸ், ஏர்ன்ஸ்ட் விற்றெப்ஸ்கி ஆகிய இருவரும் முயலின் தைரொயிட்டில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, அதன் சாற்றை வேறொரு தூண்டுபொருளுடன் கலந்து அதே முயலுக்கு ஊசியாக ஏற்றினர். முயல் தன் சொந்தப் புரதத்துக்கே பிறபொருளெதிரி செய்தது. மிச்சமிருந்த சுரப்பிக்குள் நிணநீர்க்கலங்கள் நிறைந்தன. ஹஷிமோட்டோ கண்ட அதே காட்சி.

அதே ஆண்டு லண்டனில் ஐவன் றொயிற், டெபோறா டோனியாக், அவர்களுடைய சகாக்கள் ஹஷிமோட்டோ நோயாளிகளின் சீரத்தையும் தைரொயிட்டுச் சாற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தனர். இரண்டும் சந்தித்த இடத்தில் வெள்ளைக் கோடு படிந்தது. நோயாளியின் குருதியில் தைரோகுளோபியூலினுக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பதற்கு அதுவே சாட்சி. இங்கே இருக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெபோறா டோனியாக் பிறந்தது 1912இல், ஹஷிமோட்டோவின் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டு. பிள்ளைகளுக்குத் தாயான பின் 1945இல் வைத்தியரானவர்.

மூன்றாவது இடம் நியூசிலாந்து. அங்கே அடம்ஸ், பேர்வ்ஸ் என்ற இருவர், தைரொயிட் மிகையாகச் சுரக்கும் கிறேவ்ஸ் நோயாளிகளின் குருதியில், சுரப்பியை நெடுநேரம் தூண்டும் ஏதோ ஒன்று இருப்பதைக் கண்டனர். அதுவும் பிறபொருளெதிரியே என்பது பின்னர் தெளிவானது. எங்கள் மூன்றாவது தோழிக்கு இருப்பது இதுதான். கபச்சுரப்பியின் கட்டளையை வாங்கும் இடத்தில் இந்தப் பிறபொருளெதிரி போய் அமர்ந்து, கள்ளச் சாவி போல, சுரப்பியை ஓயாமல் ஓட வைக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கிறேவ்ஸ் நோயில் பிறபொருளெதிரியே நோயைச் செய்கிறது. ஹஷிமோட்டோவில் அப்படி அல்ல. அங்கே சுரப்பியை அழிப்பதில் பெரும்பங்கு நிணநீர்க்கலங்களுடையது. ரீ.பீ.ஓ. பிறபொருளெதிரி பெரும்பாலும் அங்கே சண்டை நடக்கிறது என்பதற்கான அடையாளம். இதைக் கர்ப்பம் நமக்குக் காட்டித் தருகிறது. இரண்டு வகையும் சூல்வித்தகம் வழியாகக் குழந்தைக்குப் போகும். கிறேவ்ஸ் தாயின் பிறபொருளெதிரி குழந்தையின் சுரப்பியையும் தூண்டிவிடலாம். அதனால் அந்தக் குழந்தையைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ரீ.பீ.ஓ. பிறபொருளெதிரி போனாலும் குழந்தையின் சுரப்பி வழமையாகக் கெடுவதில்லை.

ஆக, எங்கள் நான்காவது தோழியின் தாளில் இருந்த வரி ஒரு சாட்சி மட்டுமே, தீர்ப்பு அல்ல.

இதற்கு நம் நாட்டுப் பிள்ளைகளிடமிருந்தே ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. இலங்கையின் ஈரவலயத்தில் கண்டக்கழலை நெடுங்காலமாகப் பரவியிருந்த நோய். அயடீன் குறைவைப் போக்க 1990களின் நடுப்பகுதியில் உப்பில் அயடீன் சேர்ப்பது நாடு முழுவதற்கும் விதியானது. அதற்குச் சில ஆண்டுகளின் பின் 11 முதல் 16 வயது வரையான 367 பாடசாலை மாணவிகளின் குருதியை ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். முடிவுகள் 2000ஆம் ஆண்டு வெளிவந்தன. தைரோகுளோபியூலினுக்கு எதிரான பிறபொருளெதிரி, பிள்ளைகளின் வயதுப் பிரிவுக்கேற்ப ஏறத்தாழ 14 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை காணப்பட்டது. ரீ.பீ.ஓ. பிறபொருளெதிரியோ 10 சதவீதத்துக்கு மேற்படவில்லை. அத்தனை பிள்ளைகளும் நோயாளிகளா? இல்லை. பெரும்பாலானோரின் சுரப்பி ஒழுங்காகவே வேலை செய்தது. அயடீன் கூடியதும் காவற்காரர் ஒருதரம் உஷாராகியிருக்கலாம் என்பதே ஆய்வாளரின் ஊகம். இதைக் கேட்டுவிட்டு அயடீன் உப்பை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பத்தில் அயடீன் குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அந்த இழப்பை ஈடுசெய்யவே முடியாது.

அப்படியானால் பிறபொருளெதிரியை அலட்சியம் செய்யலாமா? அதுவும் கூடாது. இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் 1970களில் தொடங்கிய ஆய்வு ஒன்று மக்களை 20 ஆண்டு தொடர்ந்து கவனித்தது. பிறபொருளெதிரி மட்டும் இருந்து, ரீ.எஸ்.எச். சரியாக இருந்த பெண்களில் ஆண்டுக்கு 100 பேருக்கு இருவர் வீதம் தைரொயிட் குறைபாட்டுக்கு உள்ளாயினர். ரீ.எஸ்.எச்.சும் கூடியிருந்தவர்களில் அது 100க்கு நால்வருக்குச் சற்று மேல். எனவே பிறபொருளெதிரி இருப்பவர் செய்ய வேண்டியது பயப்படுவதல்ல; வருடத்துக்கு ஒருமுறை ரீ.எஸ்.எச். பார்ப்பது. பிறபொருளெதிரியின் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. சிகிச்சையைத் தீர்மானிப்பது ரீ.எஸ்.எச்.சும் தைரொட்சினும் உங்கள் உடல் நிலையுமே.

பிரித்தானியாவில் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும் இதையே உறுதிசெய்கிறது. முன்பு கருச்சிதைவோ பிள்ளைப்பேற்றுத் தாமதமோ இருந்து, ரீ.பீ.ஓ. பிறபொருளெதிரியும் இருந்து, சுரப்பி ஒழுங்காக வேலை செய்த 952 பெண்களில் ஒரு பாதியினருக்குத் தைரொட்சினும் மறுபாதியினருக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்தார்கள். குழந்தை பெற்றோரின் விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சுரப்பி நன்றாக வேலை செய்யும்போது பிறபொருளெதிரிக்காக மட்டும் குளிசை எடுப்பதால் பயன் கிடைக்கவில்லை. சுரப்பி குறைவாக வேலை செய்யும்போதோ, குளிசை அவசியம். இரண்டும் வேறு வேறு.

இந்த ரீ.எஸ்.எச். அளவிடும் முறைக்கும் ஒரு பெண்ணின் கதை உண்டு. நியூயோர்க்கில் பௌதிகம் கற்ற றொசலின் யாலோ, சொலமன் பேர்சனுடன் சேர்ந்து, இன்சுலின் ஏற்றியவர்களின் உடலில் அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி உண்டாவதைக் கண்டார். அவர்களின் கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பினார்கள். யாலோ சளைக்கவில்லை. பிறபொருளெதிரி தனக்குரிய பொருளை மட்டுமே தேடிப் பிடிக்கும் அல்லவா? அந்தக் குணத்தையே அளவுகோலாக்கி, குருதியில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஓமோன்களை அளக்க வழி கண்டார். 1977இல் நோபல் பரிசும் வந்தது. இன்று உங்கள் ரீ.எஸ்.எச்.சை அளப்பதும் பிறபொருளெதிரிகளே. தவறிழைக்கும் அதே காவற்காரன், தவறைக் காட்டிக்கொடுக்கும் வேலையையும் செய்கிறான்.

ஏன் இது பெண்களை இவ்வளவு பிடிக்கிறது? ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். முழு விடை இன்னும் வரவில்லை. ஆனால் ஒரு துப்புக் கிடைத்திருக்கிறது. பெண்ணின் கலம் ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள். அவற்றில் ஒன்றை அடக்கி வைக்கும் மூலக்கூறு ஒன்று உண்டு. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்த மூலக்கூறை ஆண் எலிகளில் உண்டாக்கியபோது, நோய்க்குச் சாதகமான நிலையில் அவற்றுக்கும் தன்னுடல் தாக்கும் நோய் கூடியது. அது தைரொயிட் நோய் பற்றிய ஆய்வு அல்ல என்றாலும், இந்த நோய்கள் நம்முடைய மனப்பலவீனமோ சோம்பலோ அல்ல, நம் கலங்களிலேயே வேர்கொண்டவை என்பதைக் காட்டுகிறது. முதலாவது தோழியைச் ‘சோம்பேறி’ என்றவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

இனி, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவை சில.

நீங்காத களைப்பு, குளிர் தாங்காமை, காரணமில்லாத உடற்பருமன், மாதவிடாய்க் குழப்பம், மறதி இவை சேர்ந்து வந்தால் ரீ.எஸ்.எச். பரிசோதனையைக் கேளுங்கள். “வயசு போகுது” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். படபடப்பு, நடுக்கம், மெலிவு, கண்ணில் மாற்றம் வந்தாலும் அப்படியே.

குளிசையை வெறுவயிற்றில் தண்ணீருடன் எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். தேநீரும் கோப்பியும் அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் நான்கு மணித்தியாலம் தள்ளியே. முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் எடுப்பவர்கள் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். அது முடிவைப் பிழையாகக் காட்டும்.

குளிசை எடுக்கும் பிள்ளை கருவுற்றால் முதல் வாரத்திலேயே வைத்தியரிடம் போக வேண்டும். தொடக்க மாதங்களில் சிசு தாயின் தைரொட்சினையே நம்பியிருக்கிறது. மருந்தின் அளவைக் கூட்ட வேண்டிவரும். பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் தாய் அளவுக்கு மீறிச் சோர்ந்தாலோ படபடத்தாலோ அதையும் கவனியுங்கள். ரீ.பீ.ஓ. பிறபொருளெதிரி இருப்பவர்களுக்கு அந்தக் காலத்தில் தைரொயிட் குழம்புவது அதிகம்.

அயடீன் போதிய அளவு கிடைக்கும்போது, சமைத்த கோவாவை அளவாகச் சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம். அயடீன் நிறைந்த கடற்பாசி மாத்திரைகளை மட்டும் நீங்களாகவே வாங்கி விழுங்காதீர்கள்.

ஒரு பழைய கணக்கோடு முடிக்கிறோம். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மறே என்ற வைத்தியர், தைரொயிட் குறைபாட்டால் மோசமாக வாடியிருந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டுத் தைரொயிட்டின் சாற்றை ஊசியாக ஏற்றினார். மருந்து இல்லாத காலத்தில் வாடி மடிய வேண்டிய அந்தப் பெண், அதன்பின் 28 ஆண்டு வாழ்ந்தார். நமக்கோ ஆட்டுச் சாறு தேவையில்லை. மலிவான ஒரு சின்னக் குளிசை போதும். தேவையானவளுக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேராமல் தடுப்பது பெரும்பாலும் மருந்தின் குறையல்ல. நம்முடைய வெட்கமும் மௌனமும்தான்.

எங்கள் நால்வரில் முதலாமவள் இப்போது காலையில் பிள்ளையார் கோயிலடிவரை நடந்து வருகிறாள். மூன்றாமவளின் படபடப்பு அடங்கிவிட்டது. கண்ணுக்குச் சிகிச்சை நடக்கிறது. நான்காமவள் மீண்டும் வயிறாரச் சாப்பிடுகிறாள், வருடத்துக்கு ஒரு ரீ.எஸ்.எச். மட்டும். இரண்டாமவள் இந்த மண்டபத்தில் இருக்கிறாள். உரையில் தன் கதையைச் சேர்க்கச் சொன்னவளே அவள்தான். குளிசைப் போத்தல் இப்போது தையல் பெட்டிக்குள் இல்லை, குசினி மேசையில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். மருமகளுக்கும் அதே நோய் என்று அறிந்த அன்றுதான் வெளியே எடுத்து வைத்தாளாம்.

பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்விகளைக் கேளுங்கள். அக்காமாரே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வகுப்புக் குழுவில் ஒரு கேள்வி போடுங்கள்: “காலையில் குளிசை போடுகிறவை ஆர்?” எத்தனை கைகள் உயரும் என்று பாருங்கள்.